புதிய மென்பொருள் நுட்பங்களைக் கற்கத் தொடங்குவது எப்படி?
(ஒரு தோட்டப்புறப் பள்ளி நூலகம் கற்றுத் தந்த பாடம்)

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புதுமுக மாணவர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அண்ணே, கம்ப்யூட்டர்ல புதுசு புதுசா என்னென்னவோ வந்துகிட்டே இருக்கு. எதை முதல்ல படிக்கிறது? எங்கிருந்து தொடங்குறது?" நானும் முதலாண்டில் இதே கேள்வியோடு அலைந்தவன்தான். எனவே, எனக்குக் கிடைத்த விடையை, நான் செய்த தவறுகளோடு சேர்த்து, இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கணினித்துறை மாணவர்களுக்கு மட்டுமன்றி, பிற துறையில் பயின்றுகொண்டே மென்பொருள் உருவாக்கத்தைக் கற்க விரும்புவோருக்கும் இது பயன்படலாம்.

மூன்று மொழிகளின் வழியே

என் ஊர் லுக்குட். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் செல்லும் சாலையில் உள்ள சிற்றூர். 19ஆம் நூற்றாண்டில் ராஜா ஜுமாட் ஆட்சி செய்த காலத்தில் ஈயத்தால் பெயர் பெற்றது. பிறகு ரப்பர் வந்தது. இன்று எங்கு பார்த்தாலும் செம்பனை. என் பாட்டி பால்மரம் வெட்டியவர். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார்.

ஆறு ஆண்டுகள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பயின்றேன். அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. தமிழில் எண்ணக் கற்று, மலாயில் கணக்குப் போட்டு, ஆங்கிலத்தில் நிரல் எழுத வந்தவன் நான். பல்கலைக்கழகத்தில் முதல் நிரலாக்கத் தேர்வில் நூற்றுக்கு 31 மதிப்பெண் பெற்றேன். விரிவுரையாளர் பேசிய ஆங்கிலம் ஓரளவு புரிந்தது. அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதுதான் புரியவில்லை. துறையை மாற்றிக்கொள்ளலாமா என்று விண்ணப்பப் பாரம்கூட எடுத்து வைத்திருந்தேன்.

பின்தங்கிவிட்டோம் என்ற அச்சத்தில் மேலும் ஒரு தவறு செய்தேன். வலைத்தள உருவாக்கம், கைத்தொலைபேசிச் செயலி, விளையாட்டு, தரவு அறிவியல், பிளாக்செயின் என ஒரே பருவத்தில் ஐந்து காணொளிப் பாடத்திட்டங்களைத் தொடங்கினேன். ஒன்றைக்கூட முடிக்கவில்லை. காணொளியில் ஒருவர் செய்வதைப் பார்க்கும்போது எல்லாம் விளங்கியதுபோல் இருக்கும். அதை நிறுத்திவிட்டு வெற்றுத் திரையின் முன் அமர்ந்தால் முதல் வரிகூட வராது.

நூலகப் பட்டியல்

அந்த ஆண்டு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். கோயில் திருவிழாவில் என் பழைய பள்ளியின் தலைமையாசிரியையைச் சந்தித்தேன். "தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற? நம்ம பள்ளி நூலகத்துக்கு ஒரு பட்டியல் செஞ்சு குடுப்பா. பழைய பட்டியலைத் திறந்தா என்னென்னவோ கோடு கோடா வருது" என்றார். எனக்கு நிரலாக்கமே வரவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் சிறிய வேலைதான் எனக்கு ஐந்து காணொளிகளும் கற்றுத்தராததைக் கற்றுத் தந்தது. அதில் மூன்று தடைகள் வந்தன.

முதல் தடை, கோப்பே படிக்க முடியாமல் இருந்தது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 612 நூல்களின் பெயர்களைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். என் மடிக்கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தன. விசாரித்ததில், அது திஸ்கி என்னும் பழைய குறியேற்றத்தில் இருந்தது தெரிய வந்தது. கணினிக்கு எழுத்து என்று ஒன்று தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்னும் ஒப்பந்தமே குறியேற்றம். ஒருங்குறி எனப்படும் யூனிகோடில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. எனினும், அது பரவலாகும்வரை பல்வேறு எழுத்துருக்களும் குறியேற்றங்களும் புழக்கத்தில் இருந்தன.

திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும். 'கெ' என்று எழுதினால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு 'க'. யூனிகோடிலோ முதலில் 'க', பிறகுதான் கொம்பு. ஆகவே, எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது. கொம்புகளை இடம் மாற்றியும் வைக்க வேண்டும். இதைச் செய்ய ஒரு சிறிய நிரல் எழுத வேண்டியிருந்தது. வகுப்பில் எனக்குப் புரியாத 'வளையம்', 'நிபந்தனை', 'அட்டவணை' ஆகிய மூன்றும் அந்த ஒரே நிரலில் தேவைப்பட்டன. தேவை வந்தபோது அவை புரிந்தன.

தங்கை கண்ட பிழை

இரண்டாவது தடையைக் கண்டுபிடித்தவள் ஐந்தாம் ஆண்டில் பயிலும் என் தங்கை. நூல் பெயர்களை அகர வரிசையில் அடுக்குமாறு பைத்தான் மொழியில் ஒரே வரி எழுதினேன். பட்டியல் வந்தது. பெருமையோடு அவளிடம் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, இது தப்பா இருக்கே. பள்ளி முன்னால வந்து பவளம் கடைசியில வருது. 'ய ர ல வ ழ ள' தானே?" என்றாள்.

அவள் சொன்னது சரி. தமிழ் அகராதி வரிசைப்படி பவளம், பழமொழி, பள்ளி என்று வர வேண்டும். கணினி கொடுத்தது பள்ளி, பழமொழி, பவளம். முற்றிலும் தலைகீழ்! காரணம் என்னவென்றால், கணினி எழுத்தின் எண்ணைப் பார்த்து அடுக்குகிறது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட ஓர் அமைப்பைப் பின்பற்றியது. அதனால் அதில் ல, ள, ழ, வ என்ற வரிசையில் எண்கள் அமைந்துள்ளன. 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்தும், 'ற' என்பது 'ர'வுக்கு அடுத்தும் உள்ளன. புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகளைவிடப் பெரியது. ஆகவே அகராதியில் முதலில் வர வேண்டிய 'அக்கா', 'அகம்' என்ற சொல்லுக்குப் பின்னே போய்விடுகிறது.

எண் கொடுப்பது வேறு, வரிசைப்படுத்துவது வேறு என்பதை அன்று அறிந்தேன். தமிழ் எழுத்துகள் 247க்கும் ஒன்று முதல் 247 வரை நானே வரிசை எண் கொடுத்து ஓர் அட்டவணை அமைத்தேன். உயிர் 12, ஆய்தம் 1, பிறகு ஒவ்வொரு மெய்க்கும் புள்ளி வைத்த வடிவம் ஒன்று, உயிர்மெய் பன்னிரண்டு எனப் பதின்மூன்று. 18 மெய்களுக்கும் 234. ஆக மொத்தம் 247. கிரந்த எழுத்துகளைக் கடைசியில் வைத்தேன். அந்த அட்டவணையின்படி அடுக்கச் சொன்னதும் பட்டியல் சரியாக வந்தது. இதற்கென்றே ஐ.சி.யு. என்னும் பொது நிரல் தொகுப்பில் தமிழ் வரிசை விதிகள் உள்ளன என்பதையும், ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 'தமிழ் முறைப்படி ஒப்பிடு' என்று கேட்க வழி உண்டு என்பதையும் பிறகுதான் அறிந்தேன். ஆயினும், ஒரு முறை நானே செய்து பார்த்ததால் அந்தத் தொகுப்பு என்ன செய்கிறது என்பது எனக்கு விளங்கியது.

மூன்றாவது தடை, எழுத்துகளை எண்ணுவது. அட்டையில் அச்சிட நீளமான பெயர்களைச் சுருக்க வேண்டியிருந்தது. சோதனைக்கு 'லுக்குட்' என்று எழுதி, எத்தனை எழுத்து என்று கேட்டேன். பைத்தான் 8 என்றது. நம் கணக்கில் லு, க், கு, ட் என நான்குதான். கணினிக்கோ ல, உகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி, ட, புள்ளி என எட்டுக் குறியீடுகள். அதையே யூ.டி.எஃப்-8 முறையில் கோப்பில் சேமித்தால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் வீதம் 24 பைட்டுகள். ஒரே ஊருக்கு 4, 8, 24 என மூன்று நீளங்கள்! மூன்றும் சரியே, எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. பாதியில் வெட்டினால் 'க்' என்பதன் புள்ளி அறுந்து 'க' ஆகிவிடும். பெயர்கள் சிதைந்து அச்சாகும்.

ஆங்கிலத்தில் மட்டும் நிரல் பழகும் என் சக மாணவர்கள் பலர் இச்சிக்கலைச் சந்திப்பதே இல்லை. அவர்களுக்கு எழுத்தும் குறியீடும் பைட்டும் ஒன்றாகவே தெரியும். தமிழ்ப்பள்ளியில் பயின்றது கணினித்துறையில் பின்தங்கலுக்குக் காரணம் என்று எண்ணியிருந்தேன். என் நிரலின் பிழையைக் கண்டது அந்தப் பள்ளியில் கற்ற அகர வரிசைதான்.

நமக்கு முன் நடந்தவர்கள்

இத்தகைய சிக்கல்களை நம் நாட்டவர்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டிருக்கிறார்கள். முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் செல்லினம் 2005ஆம் ஆண்டில் அறிமுகமானது. உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 2013ஆம் ஆண்டின் மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. நிரலாக்கத்தைத் தமிழிலேயே பழக 'எழில்' என்னும் நிரல்மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கினார். அவர் தொடங்கிய 'ஓபன் தமிழ்' என்னும் பைத்தான் தொகுப்பு, சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்கவும் திஸ்கியை யூனிகோடுக்கு மாற்றவும் உதவுகிறது. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'கணியம்' இதழின் வழி, து. நித்யா போன்றோர் எழுதிய 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இவர்கள் ஏதேனும் ஒரு தேவையைக் கண்டு, அதற்காகக் கற்று, கற்றதைக் கொண்டு ஒன்றைச் செய்தார்கள். தொடங்கும் வழி அதுவே என்பது என் எண்ணம்.

தொடங்குவதற்குச் சில வழிகள்

1. கருவியை அல்ல, சிக்கலைத் தேர்ந்தெடுங்கள். 'எந்த மொழி சிறந்தது?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'யாருடைய எந்த வேலையை எளிதாக்கப் போகிறேன்?' என்று கேளுங்கள். அப்பாவின் குலை எடைக் கணக்கு, கோயில் நன்கொடைப் பதிவு, நம் கழகத்தின் உறுப்பினர் பட்டியல் ஆகிய எதுவாகவும் இருக்கலாம். காத்திருக்கும் ஒருவர் இருந்தால் பாதியில் விட மனம் வராது.

2. அடித்தளத்தை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இணையத்தில் எங்கும் இருந்த ஃபிளாஷ் நுட்பத்துக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. ஆனால், 1970ஆம் ஆண்டில் காட் என்னும் அறிஞர் முன்வைத்த உறவுநிலைத் தரவுதளக் கோட்பாடு இன்றும் வங்கி முதல் மருத்துவமனை வரை பயன்படுகிறது. மாறி, வளையம், செயற்கூறு, பட்டியல், கோப்பு, தரவுதளம், கணினிகள் ஒன்றோடொன்று பேசும் முறை ஆகியவற்றை ஒரு மொழியில் நன்றாகப் புரிந்துகொண்டால், அடுத்த மொழியைக் கற்பது எளிதாகிவிடும்.

3. வெட்டப்போகும் மரத்தில் பழகுங்கள். பாட்டி முதன்முதலில் பால் வெட்டப் பழகியபோது அவருக்கு இளமரத்தைத் தரவில்லையாம். அழிக்கவிருந்த கிழட்டு மரங்களில்தான் பழகச் சொன்னார்களாம். கத்தி மேலோடு நின்றால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். அந்த அளவு கைக்குத்தான் தெரியும், சொல்லித் தெரியாது என்பார் பாட்டி. நிரலாக்கமும் அப்படியே. கெட்டுப்போனாலும் நட்டமில்லாத ஒரு சிறிய நிரலில் பழகுங்கள். அசல் கோப்பின் நகல் ஒன்றை எப்போதும் தனியே வையுங்கள். நான் அவ்வாறு செய்யாமல் ஒரு நாள் நூறு நூல்களின் பெயர்களைத் தொலைத்து, மீண்டும் கையால் தட்டினேன். அதற்குப் பிறகே லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கிய 'கிட்' என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியைக் கற்றேன். நிரலின் ஒவ்வொரு நிலையையும் அது நினைவில் வைத்திருக்கும். தவறு நேர்ந்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். நீங்கள் தொலைப்பதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

4. பிழைச் செய்தியைப் படியுங்கள். சிவப்பு எழுத்தைக் கண்டதும் பலர் அஞ்சி அதை மூடிவிடுகிறோம். பைத்தான் பிழைச் செய்தியில் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும்; என்ன பிழை என்பது அங்கே இருக்கும். எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே இருக்கும். நான் ஒரு குறிப்பேட்டில் பிழை, காரணம், தீர்வு என மூன்று பத்திகள் வைத்து எழுதி வந்தேன். இரண்டு மாதங்களில், செய்த பிழைகளையே திரும்பத் திரும்பச் செய்வது தெரிந்தது.

5. மூல ஆவணத்தைப் படியுங்கள். ஒவ்வொரு மொழிக்கும் அதை உருவாக்கியவர்களே எழுதிய கையேடு உண்டு. ஆங்கிலம் தடையாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். புதிய கலைச்சொல்லைக் கண்டால் அதன் பொருளைத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள். இச்சோதனை எனக்கு ஒருபோதும் தவறியதில்லை. பைத்தான் கையேட்டைப் பதிவிறக்கி இணையம் இல்லாமலும் படிக்கலாம். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் படிவம் 5. வீட்டில் தொடர்பு கிடைக்காமல் சாலையோரம் நின்று பாடம் கேட்ட அனுபவம் உள்ளதால், எதையும் பதிவிறக்கி வைத்துக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது.

6. செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகக் கொள்ளாமல் உதவியாளராகக் கொள்ளுங்கள். இன்று கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித் தரும் கருவிகள் வந்துவிட்டன. 'லுக்குட்' என்பதைத் தலைகீழாக எழுதும் நிரலை அத்தகைய ஒரு கருவியிடம் கேட்டேன். அழகான நிரல் வந்தது. ஓட்டிப் பார்த்தால் விடையின் தொடக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் எழுத்தில்லாமல் தனியே தொங்கியது. 'ட்குக்லு' என்பதே சரியான விடை. அது எனக்கு முன்பே தெரிந்திருந்ததால் பிழையைக் கண்டேன். தெரியாதிருந்தால் அப்படியே ஒப்படைத்திருப்பேன். ஆகவே, முதலில் நீங்களே முயலுங்கள். விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துச் சோதித்த பின்னரே எந்த நிரலையும் நம்புங்கள்.

7. சிறிது சிறிதாக, ஆனால் நாள்தோறும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? சனிக்கிழமை ஏழு மணி நேரம் அமர்வதைவிட நாளுக்கு ஒரு மணி நேரம் எனக்குப் பலன் தந்தது. பன்னிரண்டு வாரங்களை இப்படிப் பிரிக்கலாம்: முதல் நான்கு வாரங்கள் மொழியின் அடிப்படை, அடுத்த ஆறு வாரங்கள் நீங்கள் தேர்ந்த ஒரே சிக்கல், கடைசி இரண்டு வாரங்கள் அதைப் பிறர் பயன்படுத்தும்போது வரும் குறைகளைத் திருத்துவது. அந்தக் கடைசி இரண்டு வாரங்களைத் தவிர்க்கவே கூடாது. என் நிரலைச் சரியென்று நான் நினைத்தேன். தங்கை பார்த்ததால்தான் பிழை வெளிவந்தது.

விலையுயர்ந்த கணினி தேவை என்றும் எண்ண வேண்டாம். நான் பயன்படுத்தியது ஒரு மாமா கொடுத்த பழைய மடிக்கணினி. அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியதும் வேகம் கூடியது. லினக்ஸ், பைத்தான், கிட் யாவும் இலவசமே.

முடிவாக

அந்தப் பட்டியலை முடிக்க எனக்கு விடுமுறை போதவில்லை. அடுத்த பருவத்தின் வார இறுதிகளையும் எடுத்துக்கொண்டது. இப்போது அது நூலகக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டுள்ளது. கணினியில் பெயரைத் தட்டினால் அலமாரி எண்ணும் வருகிறது. பெரிய சாதனை ஒன்றுமில்லை. எனினும், துறை மாற்றத்துக்கு எடுத்து வைத்த பாரத்தை நான் நிரப்பவில்லை. அடுத்த நிரலாக்கத் தேர்வில் 68 பெற்றேன். மூன்றாம் ஆண்டில், நூலகப் பட்டியலில் கற்றதைக் கொண்டே தரவுதளப் பாடத்தின் செயல்திட்டத்தைச் செய்தேன்.

இக்கட்டுரையைப் படித்த கையோடு ஒரு சிறிய பயிற்சி செய்து பாருங்கள். உங்கள் ஊரின் பெயரைத் தமிழில் எழுதி, எழுத்துகளை விரல்விட்டு எண்ணுங்கள். பிறகு கணினியிடம் கேளுங்கள். சிரம்பான்காரர்களுக்கு விரலில் 5 வரும். பைத்தானில் 9 வரும். ஏன் வேறுபடுகிறது என்பதை உங்கள் சொற்களில் எழுதிப் பாருங்கள். பிறகு, ஐந்தே வரும்படி ஒரு நிரல் எழுத முயலுங்கள். அதை எழுதி முடிக்கும்போது நீங்கள் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

ஐயம் எழுந்தால் கழக அறைக்கு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம். முன்னாள் மாணவர்களாகிய அண்ணன்மாரும் அக்காமாரும் தங்கள் பழைய தமிழ்ப்பள்ளிகளில் இத்தகைய சிறு வேலைகள் காத்திருந்தால் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். கற்க விரும்பும் தம்பி, தங்கைகள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை, தொடங்குவதற்கு ஓர் உண்மையான வேலை.